முன்னோரைத் தேட எது கைகொடுக்கும்: பத்திரமா, ஞானஸ்நான ஏடா, ஆவணக் காப்பகமா?

அப்பா காலமான பிறகு பட்டா மாறுதலுக்காக அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். கிஸ்தி ரசீதுகளுக்கு அடியில், மடிப்பெல்லாம் இற்றுப்போன ஒரு பாகப் பிரிவினைப் பத்திரம் கிடந்தது. ‘சாதாரண வருஷம் தை மாதம், பசலி 1320’ என்று தேதி போட்டிருந்தது. சாதாரண என்பது ஒரு தமிழ் வருஷத்தின் பெயர், பசலி என்பது நிலவரிக் கணக்கு வருஷம். அதாவது 1911. பாகம் பிரித்துக்கொண்டவர்கள் மூன்று பேர். என் கொள்ளுத்தாத்தா, அவருக்கு அடுத்த தம்பி, அப்புறம் ‘மைனர், வயது 14, கார்டியன் தாயார்’ என்று இன்னொரு தம்பி. இந்த மூன்றாவது ஆளைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் யாரும் பேசி நான் கேட்டதே இல்லை.

அவர் யார், என்ன ஆனார் என்று தேடக் கிளம்பியதில் நான்கு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் சார்பதிவாளர் அலுவலகம், எழும்பூர் ஆவணக் காப்பகம், அம்மா வழியில் பங்குக் கோயில் ஏடு என்று எல்லா வாசலிலும் நின்று பார்த்தாயிற்று. தமிழ்நாட்டில் பூர்வீகம் தேடுகிறவர் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், குடும்பத்துக்கு அரைக் காணி நிலமாவது இருந்திருந்தால் பத்திரத்தில் தொடங்குங்கள் என்பேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் மற்றதையும் பார்த்துவிடலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பிரிட்டனில் நூறு வருஷம் ஆனதும் வீடுவாரியான தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். 1921-ம் வருஷத்துத் தாளில் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவையும் அவர் வீட்டில் அன்றைக்கு இருந்தவர்களையும் பெயர் பெயராகப் பார்க்க முடிகிறது. இங்கே 1881 முதல் 2011 வரை பத்து வருஷத்துக்கு ஒருமுறை எண்ணியிருக்கிறார்கள். ஆனால் நம் கைக்கு வருவது மொத்தக் கணக்குதான். இந்த ஊரில் இத்தனை வீடு, இத்தனை தலை என்பதோடு சரி. தனி ஆளின் விவரத்தை யாரும் பார்க்க முடியாதபடி 1948-ம் வருஷத்துச் சட்டமும் பூட்டுப் போட்டிருக்கிறது. ஊர் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம், தாத்தாவைப் பார்க்க முடியாது.

எழும்பூர் காப்பகம் வேறு மாதிரி. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்து காகிதம் அங்கே இருக்கிறது. முன்னோருக்கு மானிய நிலம் இருந்திருந்தால் அங்கேதான் முதலில் போக வேண்டும். மானிய நிலங்களை விசாரிக்க 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து எழுதிய பதிவேடுகளில், அன்றைக்கு நிலத்தை வைத்திருந்தவரின் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பது வரை பத்தி போட்டு எழுதியிருக்கிறார்கள். கோயில் ஊழியம், ஊர் ஊழியம் பார்த்த குடும்பங்களுக்கு இது பெரிய கொடை. சாதாரணக் குடியானவர் என்றால், நிலத்துக்குத் தீர்வை நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மெண்ட் பதிவேடுதான் கதி. புல எண், விஸ்தீரணம், தீர்வை, பட்டாதாரர் பெயர். நான் பார்த்த ஏட்டில் அவ்வளவுதான் இருந்தது.

அந்த ‘அவ்வளவுதான்’ எனக்கு எட்டு மாதத்தைத் தின்றது. எங்கள் ஊர்ப் பதிவேட்டில் எள்ளுத்தாத்தாவின் பெயரைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. புல எண்களை எழுதிக்கொண்டு, அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்று துரத்திக்கொண்டே போனேன். கடைசியில் பார்த்தால் அவர் எங்கள் ஆளே இல்லை. அதே ஊர், அதே பெயர், ஏறக்குறைய அதே வயது, ஆனால் தகப்பனார் வேறு.

எந்தப் பதிவேடு உதவும் என்பதை முடிவு செய்வது இந்த ஒரு விஷயம்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஏட்டில் ஒரு ஆளின் பெயர் இருந்தால் போதாது. அவர் இன்னாருடைய மகன் என்று எழுதியிருக்க வேண்டும். நமக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்போம். முத்துசாமி மகன் ராமசாமி, அந்த ராமசாமி மகன் மறுபடியும் முத்துசாமி. ஒரு முத்துசாமிக்கு நான்கு பிள்ளைகள் இருந்து, நான்கு பேரும் தலைச்சனுக்கு அப்பா பெயரை வைத்தால், ஒரே தெருவில், ஒரே காலத்தில், ஒரே பெயரில் நான்கு பேரன்கள். பங்காளி வீடுகளில் இது அன்றாடம் நடப்பது. தகப்பனார் பெயர் இல்லாமல் வெறும் பெயரை வைத்துக்கொண்டு தேடுவது, திருவிழாக் கூட்டத்தில் ‘அண்ணே’ என்று கூப்பிடுவது போலத்தான்.

பத்திரம் அப்படி எழுதப்படுவதில்லை. ‘இன்ன தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் லேட் இன்னார் குமாரர் இன்னார்’ என்று சொல்லாமல் எந்தப் பத்திர எழுத்தரும் அடுத்த வரிக்குப் போகமாட்டார். பல பழைய பத்திரங்களில் ஜாதி, ஜீவனம் எல்லாம் வரும். ‘லேட்’ என்ற ஒரு சொல்லை வைத்தே தகப்பனார் அந்தத் தேதிக்கு முன்னால் போய்விட்டார் என்று குறித்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியம், ஒரு பத்திரம் தனக்கு முந்தைய பத்திரத்தைக் கைகாட்டும். சொத்து தனக்கு எப்படி வந்தது என்று சொல்லித்தான் ஒருவர் எழுதிக் கொடுக்க முடியும். எங்கள் 1911 பத்திரத்தில் ‘நம்முடைய தகப்பனார் 1889-ம் வருஷத்தில் கிரயம் வாங்கி அனுபவித்து வந்த’ என்று ஒரு வரி இருந்தது, பத்திர எண்ணோடு. அந்த 1889 கிரயத்துக்கு நகல் மனுப் போட்டேன். அதில் எள்ளுத்தாத்தா எழுதி வாங்கியவர். ‘இன்னார் குமாரர்’ என்று அவருடைய தகப்பனார் பெயரும் இருந்தது. வயதைக் கணக்குப் போட்டால் அந்தத் தகப்பனார் 1820-ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும். இரண்டே காகிதத்தில் அவ்வளவு தூரம் போய்விட்டேன்.

நகல் வாங்கப் போன இடத்தில் ஒரு பத்திர எழுத்தர் சொன்னதை மறக்க மாட்டேன். எழுபது வயதைத் தாண்டியவர். நான் பெயர்களையே திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “தம்பி, பேரைப் பார்க்காதீங்க, நாலு எல்லையைப் பாருங்க” என்றார். அன்று ராத்திரி 1911 பத்திரத்தின் சொத்து விவரத்தை நிதானமாகப் படித்தேன். ‘வண்டிப் பாதைக்குத் தெற்கு, நம்மில் 2-வது நபர் பாகத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு’ என்று போய், தெற்கெல்லையில் ஒரு பெயர் வரும். அந்தப் பெயர்களை மட்டும் தனியாக எழுதி வைத்தேன். எல்லைக்காரர்களில் பாதிப் பேர் பங்காளிகள். முந்தின தலைமுறையில் ஒன்றாக இருந்த நிலம்தான் பிரிந்து பிரிந்து பக்கத்துப் பக்கத்து வயலாக நிற்கிறது. காப்பகத்தில் நான் ஏமாந்த அந்த இன்னொருவர் யார் என்பதும் ஒரு எல்லையில்தான் தெரிந்தது. அவர் எள்ளுத்தாத்தாவின் சித்தப்பா மகன்.

மூன்றாவது தம்பியும் பத்திரத்தில்தான் கிடைத்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்களின் பெயர்வாரியாக ஒரு அட்டவணையும் சொத்துவாரியாக இன்னொன்றும் வைத்திருப்பார்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று 1908 பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு சொல்கிறது. உயிலுக்கு இது பொருந்தாது. எழுதியவர் காலமான பிறகுதான் அதன் நகலை மற்றவர் கேட்க முடியும். பெயர் அட்டவணையில் வருஷம் வருஷமாகப் பார்த்துக்கொண்டு வந்ததில், 1919-ல் ஒரு விடுதலைப் பத்திரம். ‘தற்காலம் ரங்கூனிலிருக்கும்’ என்று தொடங்கி, தன் பாகத்தை அண்ணன்மார் இருவருக்கும் விட்டுக்கொடுத்திருந்தார். வயது 22. அதன் பிறகு எங்கள் ஊர் ஏடுகளில் அவர் பெயர் இல்லை.

தேதி வாசிப்பதற்கு ஒரு வழி சொல்லிவிடுகிறேன், எனக்கு இது முதலில் பெரிய தலைவலியாக இருந்தது. தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். சாதாரண வருஷம் என்றால் 1850-ல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1910, 1970-ல் தொடங்கியதாகவும் இருக்கலாம். பசலி அப்படிக் குழப்பாது. பசலியோடு 590 கூட்டினால், அந்த ஆங்கில வருஷம் ஜூலை முதல் தேதி தொடங்கி அடுத்த ஜூன் வரை. 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் முடிய, தை மாதம் என்பதால் 1911. பசலியும் அழிந்திருந்தால் முத்திரைத்தாளில் எந்த அரசர் தலை இருக்கிறது என்று பாருங்கள். விக்டோரியா 1901 வரை, ஏழாம் எட்வர்டு 1910 வரை, அதன் பிறகு ஐந்தாம் ஜார்ஜ். பழைய இருப்பை அடுத்த அரசர் காலத்திலும் விற்றிருக்கக்கூடும், அதனால் ஒன்றிரண்டு வருஷம் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரத் தேடலுக்கும் ஒரு வரம்பு உண்டு. 1864-ல் பதிவுச் சட்டம் வந்த பிறகுதான் இந்தப் புத்தகங்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிய வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது இல்லை. வாய்மொழியாகவே பாகம் பிரித்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம், அவர்களுக்குப் பத்திரமே இருக்காது. கறையான் அரித்த புத்தகமும் உண்டு. நான் கேட்ட ஒரு நகல், அந்தப் பக்கங்கள் சிதைந்துவிட்டன என்ற பதிலோடு திரும்பி வந்தது.

பங்குக் கோயில் ஏட்டைப் பற்றி நான் கொஞ்சம்தான் சொல்ல முடியும். அம்மா வீடு கத்தோலிக்கக் குடும்பம். பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரம். நான் பார்த்தது இரண்டு பங்குகளின் ஏடுகள் மட்டும், சி.எஸ்.ஐ., லுத்தரன் ஏடுகளைத் தொட்டதில்லை. பார்த்தவரை, ஒரே வரியில் பத்திரத்தைவிட அதிகம் சொல்வது ஞானஸ்நான ஏடுதான். பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், அப்பா பெயர், அம்மா பெயர், ஞானத்தந்தை, ஞானத்தாய். எல்லாம் லத்தீனில். ‘ஃபிலியா’ என்றால் மகள், ‘பத்ரீனுஸ்’ என்றால் ஞானத்தந்தை என்று நான்கைந்து சொல் தெரிந்தால் சமாளித்துவிடலாம். தமிழ்ப் பெயர்களை வெள்ளைக்காரச் சாமியார்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதுதான் சிரமம். வாய்விட்டுப் படித்தால் பல பெயர்கள் பிடிபடுகின்றன.

அம்மாச்சியின் 1922-ம் வருஷத்துப் பதிவின் ஓரத்தில், வேறு மையில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 1940-ல் இன்ன பங்கில் திருமணம். 1908-ல் நடைமுறைக்கு வந்த திருச்சபை விதிப்படி, திருமணம் நடந்தால் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்பி அந்தப் பதிவின் ஓரத்தில் ஏற்ற வேண்டும். அந்தக் குறிப்பைப் பிடித்துத்தான் இரண்டாவது பங்குக்கே போனேன். ஆனால் இது முன்னோக்கிப் போகிற வழி. பின்னோக்கி, அம்மாச்சியின் அப்பா எந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றார் என்று அந்தப் பதிவு சொல்லவில்லை. அந்தோணியும் சவேரியாரும் மரியாளும் வரிக்கு வரி வருகிற கடற்கரைப் பங்கில், ஊர் தெரியாமல் அடுத்த தலைமுறைக்குத் தாண்ட முடியவில்லை. பத்திரத்தில் இருக்கும் ‘முந்தைய பத்திர எண்’ இங்கே இல்லாததுதான் எனக்குக் குறையாகப் பட்டது. இருந்தாலும் மூன்று தலைமுறை ஒரே பங்கில் வாழ்ந்த குடும்பமாக இருந்தால் நான் சொல்வது தலைகீழாகிவிடும். அவர்கள் பத்திரத்தைத் தேடி அலைய வேண்டாம், பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டு ஏட்டிலேயே உட்காரலாம்.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கும் என் யோசனை உதவாது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்தவர்களின் பெயர் பத்திரப் புத்தகத்தில் ஏறவே இல்லை. அவர்கள் கிறிஸ்தவர்களானால் கோயில் ஏடு ஒன்றுதான் துணை. கப்பல் ஏறியிருந்தால் இன்னொரு வழி உண்டு. 1860-லிருந்து 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் இருக்கிறது. ஊரில் தங்கியவரைப் பற்றி ஒரு வரி இல்லை, கடல் தாண்டியவரைப் பற்றி இத்தனை. அந்தப் பட்டியலில் ஊர்ப் பெயர்களைப் படிக்கும்போது மனசு கனத்துப் போகிறது.

என் அப்பா வழியில் இப்போது ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர் கையில் இருக்கிறது. பெண்களின் பெயர் இரண்டே இரண்டு. ஒன்று அப்பாவைப் பெற்ற ஆத்தா, அவரை எனக்கே தெரியும். இன்னொன்று எள்ளுப்பாட்டி. 1911-ல் அந்தப் பதினான்கு வயதுப் பையனுக்காகக் கார்டியனாக நின்று அவர் கைநாட்டு வைத்ததால்தான் அவர் பெயரே எழுத்தில் ஏறியது. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் அவருடைய இடது பெருவிரல் ரேகை இன்னும் நீல மையில் இருக்கிறது. அம்மா வழியில் கிடைத்தது மூன்று தலைமுறைதான், ஆனால் ஒவ்வொரு வரியிலும் தாயின் பெயர் தவறாமல் இருக்கிறது. கொள்ளுப்பாட்டியின் பெயருக்காக இப்போது ஜீவனாம்சப் பத்திரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கொள்ளுத்தாத்தா முதலில் காலமானார் என்று கேள்வி. விதவைக்கு ஜீவனாம்சம் எழுதி வைத்திருந்தால் அது 1930-களின் அட்டவணையில் இருக்க வேண்டும், 1934 வரை பார்த்துவிட்டேன்.