பழைய கீசரை மாற்றும்போது: மதுரைத் தண்ணீருக்கு எது தாங்குகிறது?

கீசர் ஒழுக ஆரம்பித்ததும் எந்த கம்பெனி வாங்கலாம், எத்தனை லிட்டர் வாங்கலாம் என்றுதான் பேச்சு ஓடும். மதுரையில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, மாடித் தொட்டியில் ஏறுவது வைகைத் தண்ணீரா போர் தண்ணீரா என்பது. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. சாதனத்தைத் தின்பது உப்பு. கரைந்த உப்புகளின் மொத்த அளவைச் சொல்லும் டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் போதாது, கடினத்தன்மையைத் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் அதன் உகந்த அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 600 வரை. 300-ஐத் தாண்டினாலே கீழே சொல்லும் தொல்லைகள் வரிசையாக வரும்.

மொட்டைமாடி சொந்தமாக இருந்தால் சோலார் வாட்டர் ஹீட்டர்தான். நாலு பேருக்கு 100 லிட்டர் தாராளம். 60 டிகிரி வெந்நீரில் 8 லிட்டர் எடுத்துப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் 20 லிட்டர் வாளி நிறைந்துவிடும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 200 லிட்டர் போடுவது வீண். சித்திரையில் பச்சைத் தண்ணீர்க் குழாயே கையைச் சுடுகிற ஊர் இது. செலவாகாத தண்ணீர் நாள் முழுக்கக் கொதிநிலையை ஒட்டி நின்றால் உப்பு இன்னும் வேகமாகப் படியும். கண்ணாடி ட்யூப் வகை என்றால் கோடையில் பாதி ட்யூப்களைச் சாக்கால் மூடிவையுங்கள்.

செம்புக் குழாய் ஓடும் தட்டை வகை கடின நீருக்கு ஆகாது. அரை அங்குலக் குழாய் உள்ளே அடைத்துக்கொண்டால் திறந்து சுத்தம் செய்ய வழியில்லை. வாங்கினால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (நாம் குளிக்கும் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் போகாமல் சூட்டை மட்டும் கடத்தும் அமைப்பு) வைத்ததாக வாங்க வேண்டும், விலை ஏறும். கண்ணாடி ட்யூப் வகையில் உப்பு அடியில் தூளாகத் தங்கும், கழற்றிக் கொட்டிவிடலாம். டேங்க் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுவது. 304 ஸ்டீல் பளபளப்பாக இருக்கும், ஆனால் குளோரைடு மிகுந்த போர் தண்ணீரில் வெல்டிங் ஓரமாக ஊசித்துளை விழும். போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டுக்கு எனாமல் பூச்சு டேங்கும் மக்னீசியம் ராடும்தான் சரி, டேங்குக்குப் பதில் அந்த ராட் அரித்துக் கரையும். ராடை வருஷம் ஒருமுறை பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். அதை விட்டுவிட்டால் அடுத்து அரிப்பது டேங்கைத்தான்.

பொருத்தும்போது தெற்கு பார்த்து 20 முதல் 25 டிகிரி சாய்வு. குளிர்நீர்த் தொட்டியின் அடிப்பகுதி சோலார் டேங்கின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். சோலார் டேங்கின் காற்றுக்குழாயின் வாய் குளிர்நீர்த் தொட்டியின் நீர்மட்டத்தையும் தாண்டி நிற்க வேண்டும், அதை ஒருபோதும் மூடக்கூடாது. பிரஷர் பம்ப் உள்ள வீட்டில் சாதாரண ட்யூப் சிஸ்டத்தை அந்த லைனில் கோத்தால் ட்யூபும் டேங்கும் சேரும் இடத்து ரப்பர் வளையம் பிதுங்கி ஒழுகும். ஸ்டாண்டை ஆடிக்காற்றுக்குத் தாங்கும்படி கான்கிரீட் கட்டையில் போல்ட் போடுங்கள், தட்டோட்டைத் துளைத்தால் மழைக்கு மாடி கசியும். வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப், அதுவும் அரை அங்குலமே போதும். 20 மீட்டர் லைனில் சுமார் இரண்டரை லிட்டர் ஆறின தண்ணீர் முதலில் வரும், அதை வாளியில் பிடித்து விளாவிக்கொள்ளலாம்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு சுத்தம் வேண்டும். விடியுமுன் டேங்கை வடித்து ட்யூப்களைக் கழற்றுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும், பத்திரம். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊறவிட்டால் படிவு இளகும். பாத்ரூம் ஆசிட் வேண்டாம். திரும்பச் செருகும்போது வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், எண்ணெய் கூடாது. நடுப்பகலில் வெறும் ட்யூபில் தண்ணீர் விட்டால் கண்ணாடி வெடிக்கும். அடியில் உள்ள வெள்ளிப்பூச்சு பால்வெள்ளையானால் அந்த ட்யூபின் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் சூட்டைக் காக்கும் வெற்றிடம் போய்விட்டது, அதை மட்டும் மாற்றினால் போதும்.

வாடகை வீடு, மாடி உரிமை இல்லை என்றால் 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர். ஒரு முறை சூடாக்க 20 நிமிஷத்துக்குள், 0.6 யூனிட் ஆகும். நாலு பேருக்கு இருமாதக் கணக்கில் 100 யூனிட் கூடும். ஏற்கெனவே 400-ஐ ஒட்டி ஓடும் வீடு 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிச் சலுகை விலையும் போய்விடும். தெர்மோஸ்டாட்டை 55-இல் வையுங்கள். காயிலில் உப்பு அப்பினால் அது சூடேறி வெடிப்பு விடும், அப்போது மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் அடிக்கடி விழும். விழுகிறதே என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேரடியாக இணைத்துத் தரும் எலக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் வகை போர் தண்ணீரில் சீக்கிரம் அடைத்துப்போகும்.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். காற்றிலுள்ள சூட்டை இழுத்துத் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்ப் நம் ஊர் வெப்பத்துக்கு நன்றாகவே வேலை செய்யும், ஒரு யூனிட்டில் ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு தரும். ஆனால் நாலு பேர் வீட்டுக்கு அந்த விலை அதிகம்.

வாங்குமுன் வாரண்டி அட்டையின் பொடி எழுத்தைப் படியுங்கள். கடினத்தன்மை இன்ன அளவுக்கு மேல் போனால் டேங்குக்குப் பொறுப்பில்லை என்று பல அட்டைகளில் இருக்கும். தண்ணீர் ரிப்போர்ட்டைக் கடையில் காட்டி, டேங்க் எந்த உலோகம், எந்தப் பூச்சு என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.