மோட்டார் ஹோமுக்கு எந்த டயர்: சி-யா, சிபி-யா?

ஐரோப்பாவில் ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டிய மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்களுக்கு டயர் மாற்றும்போது இரண்டு வழி உண்டு: வேன்களுக்கான சி வகை, முகாம் வண்டிகளுக்கென்றே வரும் சிபி வகை.

முதலில் பழைய டயரைத் தடவிப் பாருங்கள். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் என்றால் அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் பிசகு. மேடும் பள்ளமுமாக இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகியுங்கள். இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் காசுதான் வீண்.

சி மலிவு, எங்கும் கிடைக்கும். 225/75 ஆர்16 அளவில் பாரக் குறியீடு பெரும்பாலும் 121, அதாவது ஒரு டயர் 1,450 கிலோ வரை தாங்கும். சிபி-யில் அந்த எண் 116 அல்லது 118தான். அப்புறம் ஏன் சிபி? முழுப் பாரத்தோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்காகவே அதன் பக்கச்சுவர் வலுவாக்கப்பட்டது; பின்சக்கரத்தில் 5.5 பார் (காற்றழுத்த அலகு) வரை காற்று வைக்கலாம். சவாரி சற்றுக் கடினம், அவ்வளவுதான்.

பாரம் நிறைந்து, குளிர்காலம் முழுக்க நிற்கும் வண்டிக்கு நான் சிபி-யைத்தான் சொல்வேன். சக்கர அச்சின் மேல் விழும் பாரத்தை எடைபோட்டு, அதற்கேற்பக் காற்று வைத்து, அடிக்கடி ஓட்டுபவருக்கு, வண்டிக் கையேடு அனுமதித்தால், சி போதும். எதை வாங்கினாலும் பக்கச்சுவரின் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரத் தயாரிப்பு.