தண்டர்பேர்டு: கோப்புறையோடு தூக்குவதா, புதிதாக அமைப்பதா?

தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் நிரலைப் புதுக் கணினிக்கு மாற்றும்போது வரும் கேள்வி இது. முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் மின்னஞ்சல் கணக்கு ஐமேப் (IMAP) வகையா, பாப் (POP) வகையா என்பதை. ஐமேப் என்றால் அஞ்சல்கள் சர்வரிலேயே இருக்கும். புதுக் கணினியில் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தால் அவை தானாக வந்து சேரும். ஆனால் கணினியிலேயே சேமித்து வைத்த கோப்புறைகள், முகவரிப் புத்தகம், அஞ்சல்களைத் தானாகப் பிரிக்கும் வடிகட்டி விதிகள் எதுவும் கூட வராது.

பாப் கணக்கு வேறு கதை, அஞ்சல்கள் கணினிக்கு இறக்கப்படும். அப்பாவின் பழைய கணக்கு அந்த வகைதான். இறக்கியதும் சர்வரில் அழிந்துவிடும்படி அமைத்திருந்தார். பல வருடக் கடிதங்கள் அந்த ஒரு டிஸ்கில் மட்டும்! இங்கே ப்ரொஃபைல் கோப்புறையை, அதாவது உங்கள் அஞ்சல்களும் அமைப்புகளும் இருக்கும் கோப்புறையை, அப்படியே நகலெடுப்பதுதான் வழி. உதவி மெனுவில் சிக்கல் தீர்க்கும் தகவல் பக்கத்தைத் திறந்தால், கோப்புறையைத் திறக்கும் பொத்தான் இருக்கும். இடத்தைப் பார்த்துக்கொண்டு, நிரலை முழுவதும் மூடிவிட்டு நகலெடுங்கள். கடவுச்சொற்கள் 'லாகின்ஸ்.ஜேசன்' (logins.json), 'கீ4.டிபி' (key4.db) என்ற இரண்டு கோப்புகளில் இருக்கின்றன. ஒன்று விட்டுப்போனால் மற்றதால் பயனில்லை. புதுக் கணினியில் அதே பதிப்போ அதைவிடப் புதியதோ இருக்கட்டும், பழையது திறக்க மறுக்கும்.

கருவிகள் மெனுவில் ஏற்றுமதி வசதியும் உண்டு. ஆனால் ப்ரொஃபைல் 2 ஜிபிக்கு மேல் போனால் ஜிப் ஆகாது, கையால்தான் நகலெடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஐமேப் வைத்திருந்தாலும் கோப்புறையை நகலெடுப்பேன். வடிகட்டி விதிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதுவதற்கு அது எவ்வளவோ மேல். அப்புறம், புதுக் கணினியில் பழைய அஞ்சல்களைத் திறந்து பார்க்கும் வரை பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்யாதீர்கள்.