நீல ஏரிப் படத்தை நம்பி நக்கிள்ஸ் மலைக்குப் பணம் கட்ட வேண்டாம்

தைப்பொங்கல் விடுமுறையில் "மலை ஏரிகளும் பள்ளத்தாக்குகளும், இரண்டு நாள் நடைப்பயணம்" என்று நீல ஏரியொன்றின் படத்தோடு மாத்தளைப் பக்கத்து நக்கிள்ஸ் மலைக்கு அழைக்கும் விளம்பரம் திருகோணமலையிலுள்ள வாட்ஸ்அப் குழுக்களில் மீண்டும் சுற்றத் தொடங்கியிருக்கிறது. மார்கழியில் இதே விளம்பரத்தை நம்பி என் மனைவி, இரண்டு பிள்ளைகள், அண்ணா, அண்ணி உட்பட பதினாறு பேர் ஒரு வானில் புறப்பட்டோம். உயிரோடு திரும்பியது பயணத்தை நடத்தியவரால் அல்ல. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

ஆளொருவருக்கு 18,500 ரூபாய். நுழைவுச்சீட்டு, பதிவு பெற்ற வழிகாட்டி, குளிரூட்டிய வான், இரவுத் தங்குமிடம் எல்லாம் அதற்குள் அடக்கம் என்று சொல்லப்பட்டது. பாதிப் பணத்தை முன்கூட்டியே வைப்பிலிடச் சொன்னார்கள். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் ஒரு தனிநபரின் பெயரில் இருந்ததைக் கண்டும் நான் கேள்வி கேட்கவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு வந்த வானில் குளிரூட்டி வேலை செய்யவில்லை, பின் ரயர்கள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்து, அங்கிருந்து இரத்தோட்டை ஊடாக ரிவர்ஸ்டன் பாதையில் ஏறினோம்.

மழையைப் பற்றிப் புறப்படும் முன்பே அண்ணா கேட்டிருந்தார். "அண்ணை, இங்க மழையெண்டால் மலையில வெயில், பயப்படாதேங்கோ" என்று பயண நடத்துநர் பதில் சொன்னார். நுவரெலியா, ஹற்றன் பக்கத்து மேற்குச் சரிவுகளுக்கு வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே பெருமழையைத் தருகிறது என்பதால் அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவு வங்காள விரிகுடாவைப் பார்த்தபடி நிற்கிறது. கார்த்திகையிலும் மார்கழியிலும் நம் கூரைகளில் கொட்டும் அதே வாடைக்கால முகில்தான் அந்தச் சரிவில் மோதி அங்கும் கொட்டுகிறது. இந்த ஒரு விடயம் தெரியாதவர், அல்லது தெரிந்தும் மறைத்தவர், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலை ஏறக் கூடாது.

பிட்டவல பத்தனப் புல்வெளியில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு நடப்போம், அதன் விளிம்பில் "சின்ன உலக முடிவு" என்று அழைக்கப்படும் செங்குத்துப் பள்ளத்தைப் பார்ப்போம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். சீட்டு விற்கும் இடத்துக்கு வெகு முன்பாகவே வானை நிறுத்தி, "கூட்டமில்லாத வழி" என்று சொல்லி ஒரு காட்டுத்தடத்தில் இறக்கினார்கள். அது ஒரு காலத்தில் ஏலக்காய் பயிரிட்டவர்கள் பயன்படுத்திக் கைவிட்ட தடம். நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே அனுமதியின்றி நடப்பது குற்றம். வாங்காத சீட்டுகளுக்கான பணம் பதினாறு பேரிடமிருந்தும் முன்பே வாங்கப்பட்டிருந்தது.

"பதிவு பெற்ற வழிகாட்டி" என்று வந்தவர் பக்கத்துக் கிராமத்து இளைஞர், பதினெட்டு வயதுக்கு மேல் இராது. காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள் என்று பின்னர் அவரே சொன்னார்.

பத்து மணிக்கு ஓர் ஓடையைக் கடந்தபோது தண்ணீர் கணுக்காலளவே இருந்தது. பின்னர் மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் நடப்பவரின் முதுகு தெரியாமல் போனது. அட்டைகள் பிள்ளைகளின் கால்களில் ஏறின. நாங்கள் நின்ற இடத்தில் தூறல் மட்டுமே விழுந்தது, ஆனால் மேலே எங்கோ பெருமழை பெய்திருக்க வேண்டும்: ஒரு மணிக்கு அதே ஓடைக்குத் திரும்பியபோது, மண்ணிறத் தண்ணீர் கிளைகளைப் புரட்டிக்கொண்டு இடுப்பளவு உயரத்தில் ஓடியது. நடத்துநர் கைகோத்துக் கடந்துவிடலாம் என்றார். அவரிடம் ஒரு கயிறுகூட இல்லை. அந்த இளைஞர்தான் கரையில் குறுக்கே நின்று, தெரிந்த கொஞ்சத் தமிழில் "வேணாம், யாரும் இறங்க வேணாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லித் தடுத்தார். முழங்காலளவு தண்ணீர் வேகமாக ஓடினாலே வளர்ந்தவரையும் நிலைதடுமாறச் செய்யும். மூன்று மணிநேரம் மரங்களுக்கடியில் நின்றோம். என் ஒன்பது வயது மகள் நடுங்கி நடுங்கிக் கடைசியில் பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த நிமிடங்களை நினைக்கும்போது இப்போதும் என் கை நடுங்குகிறது.

தண்ணீர் வடியாததால், இளைஞரே வேறொரு சுற்றுவழியில் எங்களைத் தார்வீதிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே எங்களை மறித்த வன அதிகாரிகள் சீட்டுக் கேட்டபோதுதான் முழு ஏமாற்றும் தெரியவந்தது. பிள்ளைகளின் நிலையைப் பார்த்து எச்சரித்து அனுப்பினார்கள். நடத்துநர் அதற்கு முன்பே வானுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அடுத்து காட்டுவதாகச் சொன்ன செம்புவத்த ஏரியை எல்கடுவப் பக்கம் போய் அடைந்தபோது வாயில் பூட்டியிருந்தது. தங்குமிடம் என்று காட்டப்பட்ட அறைகளில் ஆறு பேருக்குத்தான் இடம் இருந்தது. இரவோடிரவாக ஊர் திரும்பினோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "இயற்கைக்கு நான் பொறுப்பில்லை" என்று குரல்பதிவு வந்தது. மறுநாள் குழுவிலிருந்து எங்களை நீக்கிவிட்டார்கள்.

விளம்பரத்திலிருந்த அந்த நீல ஏரியின் படத்தை ரொறன்ரோவிலுள்ள மைத்துனருக்கு அனுப்பினேன். "அத்தான், இது கனடாவில பான்ஃப் பூங்காவில இருக்கிற மொறெய்ன் ஏரி. முந்தின இருபது டொலர் தாளிலயும் இந்தப் படம்தான் இருந்தது" என்றார். பனியாறு பாறையை அரைத்து விடும் நுண்துகள் தண்ணீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த நிறம் வருகிறது. இலங்கையில் பனியாறு இல்லை. 1873இல் உருவாக்கப்பட்ட நுவரெலியாவின் கிரகரி ஏரியும் செம்புவத்தவும் மனிதர் அமைத்தவை. ஆகவே நம் மலைநாட்டுப் பயணத்துக்கு அப்படியொரு ஏரியின் படத்தை யார் காட்டினாலும், அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள்.

நான் கேட்கத் தவறியவற்றை நீங்கள் கேளுங்கள். வழிகாட்டிக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வனச் சீட்டை உங்கள் கையில் வாங்கிய பின்பே காட்டுக்குள் காலடி வையுங்கள். புறப்படும் நாளில் மாத்தளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்பதைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவிப்பில் பார்க்கலாம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழைத்தும் கேட்கலாம். பற்றுச்சீட்டு தராதவருக்கு முற்பணம் கட்ட வேண்டாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறைப்பாடு செய்திருக்கிறேன். வங்கிப் பற்றுச்சீட்டும் குரல்பதிவும் என்னிடம் பத்திரமாக உள்ளன. பொங்கல் பயணத்துக்கு ஏற்கெனவே முற்பணம் கட்டியவர்கள் இந்தப் பதிவின் கீழ் எழுதினால், கணக்கு அதே பெயரில்தான் இருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சொல்கிறேன்.