ஃபீனிக்ஸ் தோட்டத்தில் மாமரம்: ஒட்டுக்கன்று வாங்குவதா, கொட்டை ஊன்றுவதா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் பக்கம் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து முடித்ததும் அடுத்த ஆசை மாமரம். சாண்ட்லரிலும் கில்பர்ட்டிலும் கன்று நட்டவர்கள் நிறையப் பேர். இரண்டு கோடையைத் தாண்டிய கன்றுகள் குறைவு. "இந்த வெயிலுக்கு மா வராதுங்க" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பாகிஸ்தானின் முல்தானில் கோடை வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மாம்பழத்துக்குப் பேர் போன வட்டாரம் அது. பக்கத்து மாநிலமான கலிபோர்னியாவில் கோச்செல்லா பள்ளத்தாக்கு ஃபீனிக்ஸ் அளவுக்கே கொளுத்தும் பாலைவனம். அங்கே கீட் ரக மாம்பழம் விற்பனைக்கே விளைகிறது. ஆக, வெயில் மட்டும் மாவைக் கொல்வதில்லை. வறண்ட காற்று, உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு இறுகிய மண், குளிர்காலத்தில் சில இரவுகள் விழும் உறைபனி, இவை எல்லாம் சேர்ந்து வேர் பிடிக்காத கன்றைத் தாக்கும்போதுதான் அது சாகிறது. அதனால் எந்த ரகம் என்ற கேள்விக்கு முன்னால், வேர் எப்படி மண்ணுக்குள் போகப் போகிறது என்று கேட்க வேண்டும். வழிகள் மூன்று: கடையில் ஒட்டுக்கன்று வாங்கி நடுவது, கொட்டையை இடத்திலேயே ஊன்றி அப்படியே வளர்ப்பது, ஊன்றி வளர்த்த செடியில் பிறகு வேண்டிய ரகத்தை ஒட்டுவது.

ஒட்டுக்கன்று: ரகம் உறுதி, உயிர் உறுதியில்லை

ஒட்டுக்கன்றின் பக்கம் இரண்டு நியாயங்கள் உண்டு. ஒன்று, என்ன பழம் வரும் என்பது முன்பே தெரியும். கேசர், மல்லிகா, அல்போன்சா, ஏன், இமாம் பசந்த்கூட ஃபுளோரிடா நாற்றங்கால்களில் கேட்டு வாங்கலாம். இரண்டு, காத்திருக்க வேண்டியதில்லை. காய்த்த மரத்தின் குச்சியை ஒட்டியிருப்பதால் சின்னக் கன்றிலேயே பூ வந்துவிடும்.

அந்தப் பூதான் இங்கே தொல்லை. இடுப்பு உயரம்கூட வராத கன்று பிப்ரவரியில் நுனிக்கு நுனி பூங்கொத்து தள்ளும். இலை விட வேண்டிய மொட்டெல்லாம் பூவுக்குப் போய்விடும். இரவு 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பிஞ்சு பிடித்தாலும் விதையில்லாமல் சிறுத்து உதிர்ந்துவிடும். ஏப்ரல் கடைசியில் பார்த்தால் காய்ந்த பூத்தண்டுகளும் போன வருஷத்து இலை கொஞ்சமும்தான் மிஞ்சும். அந்த நிலையில் அது எங்கள் கோடைக்குள் நுழைய வேண்டும். 2023-இல் ஜூன் 30 தொடங்கி ஜூலை 30 வரை 31 நாள் தொடர்ந்து 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் அடித்தது. மூடி மறைக்க இலை இல்லாத தண்டில் அந்த வெயில் நேரே விழுந்தால் பட்டை வெந்து வெடித்துவிடும். இதே கன்று ஃபுளோரிடாவில் தப்பிக்கும், ஏனென்றால் அங்கே கோடைதான் மழைக்காலம். இங்கே வருஷம் முழுக்கப் பெய்வதே 200 மில்லிமீட்டரை எட்டாது.

அப்புறம் வேர். தொட்டியில் வளர்ந்த கன்றின் ஆணிவேர் அடியில் முட்டி வளைந்திருக்கும். அது இருக்கும் கலவையும் பீட் என்ற உலர்ந்த சதுப்புநிலப் பாசியும் மரப்பட்டைத் தூளும்தான். எங்கள் களிமண்ணில் அதை அப்படியே இறக்கினால், சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும்போதே நடுவிலிருக்கும் வேர்ப்பந்து காய்ந்து கிடக்கும். ஒரு முறை முழுக்கக் காய்ந்த பீட் லேசில் தண்ணீரை உள்ளே விடாது. மேலே தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு நாம் நிம்மதியாக இருப்போம்.

ஒட்டுக்கு வேர் கொடுக்கும் அடிச்செடியைக் குறை சொல்ல மாட்டேன். ஃபுளோரிடாவில் பெரும்பாலும் டர்பன்டைன் என்ற நாட்டு மாவில்தான் ஒட்டுகிறார்கள். அந்த மாநிலத்தின் தெற்கு முனையே சுண்ணாம்புப் பாறை; கார மண்ணைத் தாங்கும் வேர் அது. கோளாறு அந்த வேர் தொட்டியில் சுருண்ட விதத்தில் இருக்கிறது.

வாங்குவதென்றே தீர்மானித்தவர்கள் உயரமான கன்றைத் தேடாமல், தண்டு தடித்த, குட்டையான கன்றாகப் பாருங்கள். பனி பயம் தீர்ந்த மார்ச்சில் நட்டு, சுற்றி ஓடும் வேர்களை வெட்டிவிட்டு, வெளிப்புறக் கலவையை மெல்ல உதிர்த்து இறக்குங்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் வரும் பூவைக் கையோடு கிள்ளிவிட வேண்டும். மனசு வராது. கிள்ளித்தான் ஆக வேண்டும்.

கொட்டை: செலவில்லாத வழி, ஆனால் எந்தக் கொட்டை?

கொட்டையிலிருந்து வரும் செடிக்கு இன்னும் குழந்தைப் பருவம். நாலைந்து வருஷத்துக்குப் பூ நினைப்பே கிடையாது. உள்ள பலம் முழுவதும் இலைக்கும் தண்டுக்கும் வேருக்கும் போகும். இந்தப் பாலைவனத்தில் அதைவிடப் பெரிய சாதகம் வேறில்லை. ஆணிவேரும் எங்கும் வளையாமல், ஈரம் இருக்கும் ஆழத்தைத் தேடி நேராக இறங்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒட்டுக்கன்று முதல் கோடையை உயிர் பிழைக்கவே செலவழிக்கும். கொட்டைச் செடியோ நிழலும் தண்ணீரும் கிடைத்தால் ஜூலை, ஆகஸ்ட் மழைக்கால ஈரக் காற்றில் அடுத்தடுத்துத் துளிர் விடும்.

எந்தக் கொட்டையும் ஆகுமா என்றால் ஆகாது. இந்தியக் கடைகளில் வசந்த காலத்தில் வந்து இறங்கும் அல்போன்சா, பங்கனப்பள்ளிப் பெட்டிகளைப் பார்த்ததும் அந்தக் கொட்டையை ஊன்றத் தோன்றும். 2007-இல் இந்திய மாம்பழத்துக்கு அமெரிக்கா கதவைத் திறந்தபோது, பூச்சிக்காகக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று விதித்தது. பழத்துக்குள் இருக்கும் கருவையும் அது பாதிக்கும். அந்தக் கொட்டையை நம்பி இடத்தை ஒதுக்காதீர்கள். மேலும் நம் ஊர் ரகங்களில் பெரும்பாலானவை ஒற்றைக் கரு உள்ளவை. முளைத்தாலும் தாய் மரத்தின் குணம் அப்படியே வராது.

மெக்சிகோவிலிருந்து வரும் அட்டாவுல்ஃபோதான் என் தேர்வு. ஹனி, ஷாம்பெயின் என்ற பெயர்களிலும் விற்பார்கள். சின்னதாக, மஞ்சளாக, வளைந்த மூக்கோடு இருக்கும். மெக்சிகோ பழங்களைப் பெரும்பாலும் வெந்நீரில் மூழ்கவைத்துத்தான் அனுப்புகிறார்கள்; கொட்டை அதைத் தாங்கி முளைக்கிறது. ஒரே கொட்டையில் பல கருக்கள் இருக்கும். பல முளைகள் வரும்போது வீரியமான ஒன்றை நிறுத்தினால், அது பெரும்பாலும் தாயின் நகலாகவே இருக்கும். ஒட்டுக் கட்டத் தெரியாதவர்கள் அப்படியே விட்டாலும் ஒருநாள் நல்ல பழம் கிடைக்கும்.

மே முதல் ஆகஸ்ட் வரை எப்போது வேண்டுமானாலும் ஊன்றலாம். கொட்டையின் மேலோட்டை நறுக்கி உள்ளே இருக்கும் பருப்பை எடுத்து, கொஞ்சம் மண்ணுக்கு மேலே தெரியும்படி வைத்து, சுற்றிக் கம்பி வலை போட்டுவிடுங்கள். முயலும் எலியும் ஒரே இரவில் முடித்துவிடும். ஒரே குழியில் ஒரு சாண் இடைவெளியில் மூன்று கொட்டை வைத்து, பிறகு நல்லதை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஊரிலிருந்து பெட்டிக்குள் கொட்டையோ குச்சியோ மறைத்துக் கொண்டு வர வேண்டாம். மாங்கொட்டைக்குள் இருக்கும் வண்டு ஒன்று இங்கே நுழைந்தால் நஷ்டம் நம் தோட்டத்தோடு நிற்காது.

கொட்டை வளர்த்து அதில் ஒட்டுவது

என் ஓட்டு இதற்குத்தான். இரண்டு மூன்று வருஷத்தில் தண்டு பென்சிலைவிடத் தடித்ததும், ஏப்ரல் - மே மாதத்தில் வேண்டிய ரகத்தின் குச்சியைச் சீவி, பிளந்த தண்டில் செருகிக் கட்டிவிடலாம். வேர் ஏற்கெனவே ஆழம் போயிருப்பதால் ஒட்டு வேகமாக எழும்பும். பட்டுப்போனாலும் மரம் போகாது. அடுத்த துளிரில் மறுபடி கட்டலாம். ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கும் அப்பாக்களில் இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள், ஆசையாகச் செய்வார்கள்.

காலக் கணக்கு போட்டாலும் இது பெரிய நஷ்டமில்லை. வாங்கிய ஒட்டுக்கன்று பிழைத்தால், பூவைக் கிள்ளிய வருஷங்களையும் சேர்த்து மூன்று நான்கு வருஷத்தில் பழம் தரும். கொட்டையில் ஒட்டியது ஐந்தாம் வருஷ வாக்கில் தரும். இடையில் ஒரு கன்று செத்து மறுபடி வாங்கினாலே அந்த வித்தியாசம் காணாமல் போகும். அனுப்பும் கூலியோடு சேர்த்து ஃபுளோரிடாக் கன்றின் விலை லேசானதும் இல்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் வேறு பதில்: தொட்டியில் ஒட்டுக்கன்று. குளிரில் உள்ளே தள்ளி வைக்கலாம். ஆனால் வெயில் படும் கறுப்புத் தொட்டியில் வேர் வெந்துவிடும், உப்பும் சேர்ந்துகொண்டே போகும். வீடு சொந்தமென்றால் தரைதான்.

இடம், தண்ணீர், பனி

சோனோரன் பாலைவனத்தில் சகுவாரோ கள்ளிக்கன்றுகள்கூடப் பெரும்பாலும் பாலோ வெர்டே மரத்தின் நிழலில்தான் பிழைத்து எழும்புகின்றன. பாலைவனக் கள்ளிக்கே இளமையில் நிழல் வேண்டியிருக்கிறது என்றால் மாங்கன்றுக்குக் கேட்கவே வேண்டாம். தோட்டத்தில் பாலோ வெர்டேயோ மெஸ்கீட் மரமோ இருந்தால் அதன் கிழக்கு ஓரம்தான் முதல் இடம்; கோடையில் சல்லடை நிழல், குளிர் இரவில் மேலே ஒரு போர்வை. அது இல்லாவிட்டால் கிழக்கு பார்த்த சுவரோரம். தெற்குச் சுவர் குளிருக்கு நல்லது, ஆனால் முதல் கோடைகளில் 50 சதவீத நிழல்வலை கட்டாயம். மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். மாலை வெயிலில் சூடேறிய சுவர் இரவெல்லாம் அனல் விடும். தண்டுக்கு வெள்ளை லேடெக்ஸ் பெயின்டைப் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுப் பூசுங்கள். கீழ்க் கிளைகளைக் கவாத்து செய்யாமல் விடுங்கள், தண்டுக்குச் சொந்த நிழல் அதுதான்.

குழி தோண்டும்போது வெள்ளையாக, கடப்பாரை பட்டால் 'டங்' என்று கேட்கும் அடுக்கு வந்தால் அது காலீச்சி, சுண்ணாம்பு இறுகிய பாறை. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் உடைத்துத் துளை போட வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் சொட்டு நீரா, பாத்தியா என்ற வாதம் ஓயாது. கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வழியாக வரும் தண்ணீரில் உப்பு அதிகம். தினமும் பத்து நிமிஷம் சொட்டவிட்டால், தண்ணீர் ஆவியாகி உப்பு வேர் மட்டத்திலேயே தங்கும். இலை நுனி பழுப்பாகக் கருகுவது பெரும்பாலும் அதனால்தான். வெயிலில் கருகியது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சொட்டவிடுவார்கள், நிலைமை மோசமாகும். கிளை வீச்சுக்கு அகலமாகப் பாத்தி கட்டி, உப்பு கீழே இறங்கும்படி நிரப்பிவிட்டு, அடுத்த முறைக்கு இடைவெளி விடுவதுதான் சரி. மெசா, டெம்பி, பழைய ஃபீனிக்ஸ் பகுதிகளில் வாய்க்கால் பாசனம் உள்ள வீடு கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். சொட்டு நீர்தான் வசதி என்றால் அதையே நீண்ட நேரம், இடைவெளி விட்டு ஓடவிடுங்கள். குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம் போடச் சொன்ன சரளைக் கல்லை மரத்தைச் சுற்றி ஒதுக்கிவிட்டு, மரச்சில்லு மூடாக்கு அரை அடி போடுங்கள், தண்டைத் தொடாமல்.

பனி சில இரவுகள்தான். இளங்கன்று மைனஸ் 1 டிகிரி செல்சியஸிலேயே செத்துவிடலாம். வளர்ந்த மரம் மைனஸ் 4 வரை சில மணி நேரம் தாங்கும். நகரின் நடுவில் கான்கிரீட் சூடு காப்பாற்றும். குவீன் கிரீக், பக்கை மாதிரி ஓரப் பகுதிகளில் குளிர் கடுமை. அந்த இரவுகளில் கன்றை மூடும் துணி தரை வரை தொங்க வேண்டும். உள்ளே பழைய காலத்துக் குண்டு பல்பு சரம் வேண்டும். எல்.இ.டி. சரத்தில் சூடு வராது.

கடைசியில் ரகம்

நம் ஊர் ருசி வேண்டுமென்றால் கேசர், மல்லிகா இரண்டில் நான் கேசர் பக்கம். குஜராத்தின் கச்சு மாவட்ட வறட்சியில் அது தோட்டம் தோட்டமாக விளைந்து நிரூபித்திருக்கிறது. ஃபுளோரிடா ரகங்களில் கிளென் அடக்கமான மரம், பழமும் சீக்கிரம் வரும். வாலென்சியா பிரைட் முரட்டு வளர்ச்சி. பனியில் நுனி கருகினாலும் ஒரே கோடையில் மீண்டுவிடும், ஆனால் சின்னக் கொல்லைக்கு அது பெரிது. கீட் பழுக்க ஆகஸ்ட் தாண்டும் என்பதால் காய்கள் கோடை முழுக்கத் தொங்க வேண்டும்; மேற்குப் பக்கக் காய்களுக்குக் காகிதப் பை கட்டாவிட்டால் தோல் வெந்துபோகும். எதை வைத்தாலும் நம் ஊரில் பூவையும் காயையும் கறுக்கவைக்கும் ஆந்திராக்னோஸ் நோய்க்கு இங்கே மருந்தடிக்கும் வேலையே அநேகமாக இல்லை. அதற்கு வேண்டிய ஈரம் இங்கே கிடையாது.

ஒரே அடிமரத்தில் இரண்டு ரகமும் ஒட்டலாம். கேசருக்குப் பக்கத்துக் கிளையில் வாலென்சியா பிரைட் வைப்பதானால், வேகமாகப் போகும் அந்தக் கிளையை ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் நுனி வெட்டி அடக்குங்கள். விட்டால் கேசரின் மேல் ஏறி அதை ஒடுக்கிவிடும்.