குறை என் மகளின் விரலில் இல்லை, கிடாரில்

போன ஜூனில் மகளுக்கு ஒரு அக்கூஸ்டிக் கிடார் வாங்கினேன். சென்னையில் ஒரு கடை, விலை 7,500 ரூபாய். "சாலிட் டாப் சார், இந்த விலைக்கு வேற எங்கயும் கிடைக்காது" என்றார் விற்றவர். மேல்பலகை ஒட்டுப்பலகை இல்லை, முழு மரம் என்று அர்த்தம். எனக்கு அப்போது கிடாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பளபளப்பைப் பார்த்து நம்பிவிட்டேன்.

இரண்டே வாரத்தில் அவள் விரல் நுனிகள் கன்றிப்போயின. புதிதில் வலிக்கும்தான், சரி. ஆனால் பல தந்திகளைச் சேர்த்து அமுக்கிப் பிடிக்கும் கார்டுகளில், எஃப் என்றாலே அழுகை. டியூனர் ஆப் வைத்து ஆறு தந்தியையும் சுருதி சேர்த்தாலும், கார்டு பிடித்ததும் அபசுரம். "எனக்கு வராதுப்பா, விட்டுடறேன்" என்றாள். பயிற்சி போதவில்லை என்று நானும் திட்டினேன். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

நான்காம் மாதம், தந்திகளை மேல்பலகையோடு பிணைக்கும் பிரிட்ஜ் பின்பக்கமாகப் பெயர்ந்து எழும்பியது. கடையில் கேட்டால், "ஈரப்பதத்தால வந்தது, வாரண்டியில வராது" என்று கைவிரித்துவிட்டார்கள்.

அப்புறம்தான் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஸ்கேல் வைத்து அளந்தார். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட். 12ஆவது ஃபிரெட்டுக்கும் தடித்த தந்திக்கும் நடுவே 5 மில்லிமீட்டர், சுமார் 2.5 இருந்தால் போதுமாம். அவ்வளவு உயரத்திலிருந்து அமுக்கினால் தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். அபசுரத்துக்குக் காரணம் அதுதான். ஆறு ஸ்டீல் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையோடு கழுத்தை இழுக்கின்றன. அதைத் தாங்க உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியை அலன் கீ வைத்துத் திருப்பினார். பிடிக்காமல் சும்மா சுற்றியது. ஒலித்துளையின் விளிம்பையும் காட்டினார். சாலிட் என்றால் மேலே தெரியும் மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்க வேண்டும். இதில் அடுக்கடுக்காகப் பிளைவுட்.

இப்படி அடுக்கி ஒட்டிய லேமினேட் பலகை தப்பில்லை. யமஹா எஃப்310 கூட அப்படித்தான், கற்றுக்கொள்ள அருமையான கிடார். சாலிட் டாப் வேண்டுமென்றால் எஃப்ஜி800 போன்ற மாடலுக்குப் போக வேண்டும், விலை ஏறும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தலையில் கட்டுவதுதான் அநியாயம்.

பெரியவர் தன் பழைய கிடாரை மகளிடம் கொடுத்தார். மூன்றாம் முயற்சியிலேயே எஃப் ஒலித்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைக்குப் போகும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். எல்லாத் தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்; எங்காவது கிர்ரென்றால் வேண்டாம். 12ஆவது ஃபிரெட்டில் அமுக்கி மீட்டும் சுரமும், அங்கேயே லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் டியூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். பிரிட்ஜுக்கு அடியில் காகிதம் நுழைந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பில்லில் மாடல் பெயரும், சாலிட் டாப்பா லேமினேட்டா என்பதும் எழுதி வாங்குங்கள். என் பில்லில் 'கிடார் - 1' என்று மட்டும்தான் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்ல உட்கார்ந்தபோது, கடைக்காரர் என்ன சொல்லி விற்றார் என்று காட்ட என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.