நெஞ்சுக்குள் நீர்க்கட்டி: பார்த்திருப்பதா, ஊசியா, சத்திரசிகிச்சையா?

வன்னியில் இப்படியான கட்டியை யாரும் தேடிப்போய்க் கண்டுபிடிப்பதில்லை. மத்திய கிழக்குக்குப் போக மெடிக்கல் செய்த தம்பிக்கோ, இருமல் விடவில்லையென்று காசநோய்ச் சந்தேகத்தில் செஸ்ட் கிளினிக்குக்கு அனுப்பப்பட்ட அக்காவுக்கோ எக்ஸ்ரே எடுக்கிறபோது தற்செயலாகத் தெரியவரும். பிறகு சீ.ரி. ஸ்கேன் எடுத்து, "புற்றுநோய் மாதிரி இல்லை, நீர்க்கட்டிதான்" என்று டொக்டர் சொல்வார். அந்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்தால் வாக்குவாதம் தொடங்கும். பெரியம்மா கத்தி வைக்கவே விடாதே என்பார். கனடாவில் இருக்கிற மாமா உடனே எடுத்துவிடச் சொல்வார். பக்கத்து வீட்டு அண்ணைக்கோ ஊசியால் உறிஞ்சினால் விஷயம் முடிந்தது.

மூன்றுமே உண்மையில் இருக்கிற வழிகள்தான். ஆனால் எந்தக் கட்டி, எங்கே இருக்கிறது என்று மூவரும் கேட்பதில்லை. எத்தனை சென்ரிமீற்றர் என்று மட்டும் கேட்பார்கள். என் பார்வையில் அளவு இரண்டாவது கேள்வி.

இருதயத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வருகிற கட்டி பெரும்பாலும் வலதுபக்கம், இருதயமும் உதரவிதானமும் சந்திக்கிற மூலையில் இருக்கும். உள்ளே ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிந்த நீர். பிறவியிலேயே வந்தது, பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாது. மூச்சுக்குழாய் உருவாகும் கருக்காலத்தில் பிரிந்துபோன ஒரு துண்டிலிருந்து வருகிற கட்டி வேறு சாதி. அது மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தருகிலோ நுரையீரலுக்குள்ளேயோ இருக்கும். உட்சுவர் சளியைச் சுரந்துகொண்டே இருப்பதால் மெல்லப் பெருக்கும், கிருமி பிடிக்கும், மூச்சுக்குழாயையோ உணவுக்குழாயையோ அழுத்தும். மிக அரிதாகப் புற்றாகவும் மாறியிருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால், தைமஸ் சுரப்பியில் வருகிற கட்டி மூன்றாவது வகை. அதைத் திடமான கட்டியென்று நினைத்துத் தேவையில்லாமல் வெட்டி எடுத்துவிடுவதும் உண்டு.

இவற்றைப் பிரித்தறிய எம்.ஆர்.ஐ. நல்ல வழி. சளி கெட்டியாக இருந்தால் சீ.ரி.யில் நீர்க்கட்டி திடக்கட்டி போலத் தெரியும், எம்.ஆர்.ஐ.யில் அந்தக் குழப்பம் குறைவு. கதிர்வீச்சும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. உடம்பில் ஷெல் துண்டோடு நடமாடுகிறவர்கள் இங்கே குறைவில்லை. காந்தத்தால் இழுபடக்கூடிய இரும்புத் துண்டு கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டுக்கு அருகிலோ இருதயத்துக்குப் பக்கத்திலோ இருந்தால் அந்த மெசினுக்குள் போவது ஆபத்து. "பழைய காயம், ஆறிவிட்டது" என்று சொல்லாமல் விடாதீர்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே என்று பார்த்து, பிறகு எம்.ஆர்.ஐ. முடியுமா இல்லையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

பார்த்திருப்பது சும்மா இருப்பதல்ல. வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மறுபடியும் ஸ்கேன் செய்வார்கள். மாற்றமில்லையென்றால் இடைவெளியைக் கூட்டுவார்கள். இருதய உறைக் கட்டி, தொந்தரவில்லை, அளவும் மாறவில்லையென்றால் எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. வயதானவர்களுக்கும் வேறு நோயுள்ளவர்களுக்கும் இதுவே பொருந்தும். குறையென்றால், சீ.ரி.யையே திரும்பத் திரும்ப எடுப்பதில் கதிர்வீச்சு சேரும். கதிர்வீச்சை அளக்கிற அலகான மில்லிசீவேர்ட்டில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே ஏறக்குறைய 0.1 என்றால் சாதாரண நெஞ்சு சீ.ரி. 5 முதல் 7 வரை. நாற்பது வருடம் பார்க்கவேண்டிய இருபது வயதுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல.

அதைவிடப் பெரிய குறை, மறுபடி போகாமல் விடுவது. ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ ஒரு ஸ்கேனுக்காக யாழ்ப்பாணம் போய்வர ஒரு நாள் கூலி போகும். உடம்பும் நன்றாக இருந்தால் "பிறகு பார்ப்பம்" என்றாகிவிடும். போகமாட்டீர்கள் என்று உங்களுக்கே தெரிந்தால் அதை டொக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதுவும் முடிவை மாற்றும் தகவல்தான். படங்களையும் சீ.டி.யையும் பொலித்தீனில் சுற்றி வைத்திருங்கள். பத்து வருடத்துக்கு முந்திய எக்ஸ்ரேயில் அதே நிழல் இருந்தால் கட்டி வளரவில்லை என்று உடனே சொல்லிவிடலாம். 2009 போரில் எல்லாக் கடதாசியையும் இழந்த குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு இன்று எடுக்கிற படம்தான் முதல் படம்.

அடுத்தது ஊசி. சீ.ரி.யைப் பார்த்தபடி தோல் வழியாகவோ, வாய் வழியே மூச்சுக்குழாய்க்குள் விடுகிற குழாயின் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்டின் உதவியோடோ நீரை உறிஞ்சலாம். மயக்க மருந்தும் காயமும் குறைவு, பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு. கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் கிணற்றை இறைத்துவிட்டு ஊற்றை அப்படியே விடுகிற வேலை இது. சுவர் உள்ளேயே இருக்கிறது, திரும்பச் சுரக்கும். சளி கெட்டியென்றால் ஊசியில் வரவும் வராது. அதுவரை சுத்தமாக இருந்த கட்டிக்குள் ஊசியோடு கிருமி போய் நெஞ்சின் நடுப்பகுதியே சீழ்பிடித்த சம்பவங்கள் உண்டு. அழற்சி வந்து சுற்றியுள்ளவற்றோடு கட்டி ஒட்டிக்கொண்டால் பிறகு செய்கிற சத்திரசிகிச்சையும் கடினமாகும். நாயிடமிருந்து பரவும் ஒட்டுண்ணிப் புழுவால் வருகிற கட்டி எங்கள் நாட்டில் அரிது. ஆனாலும் அந்தச் சந்தேகம் தீராமல் குத்தக்கூடாது. நீர் உள்ளே சிந்தினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம்.

அதனால் பக்கத்து வீட்டு அண்ணையின் யோசனையை நான் கடைசியில்தான் வைப்பேன். மூச்சு அடைக்கிற அவசரத்திலும், சத்திரசிகிச்சையைத் தாங்க முடியாத உடம்புக்கும் ஊசி பெரிய உதவி. அதற்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம்.

வெட்டி எடுப்பதில் இரண்டு முறை. விலா இடைவெளிகளில் சின்னத் துளைகள் போட்டுக் கமெரா விட்டுச் செய்வது ஒன்று. நெஞ்சைத் திறந்து செய்வது மற்றது. இரண்டுக்கும் முழு மயக்கம் தேவை, பெரும்பாலும் ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கி வைத்துத்தான் செய்வார்கள். துளைமுறையில் சில நாளில் வீட்டுக்கு வரலாம். திறந்து செய்தால் ஒரு வாரமளவில் ஆகலாம், விலாப்பக்க நோ மாதக்கணக்கில் நீடிக்கவும் கூடும். மண்வெட்டி பிடிக்கிறவருக்கும் நெல்மூட்டை தூக்குகிறவருக்கும் இந்த வித்தியாசம்தான் முக்கியம். முடிந்தால் துளைமுறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முன்பு நெஞ்சில் காயப்பட்டவர்கள், நெஞ்சுக்குள் ரியூப் போடப்பட்டவர்கள், காசநோய் வந்துபோனவர்கள் ஆகியோருக்கு நுரையீரல் சுவரோடு ஒட்டியிருக்கலாம். துளையில் தொடங்கித் திறப்பதில் முடிந்தால் அதைப் பிழையென்று நினைக்கவேண்டாம். குரல் நரம்பும் உதரவிதான நரம்பும் அருகிலேயே ஓடுகின்றன என்பதால் அவை பற்றி முன்கூட்டியே கேளுங்கள். கட்டியின் ஒரு துண்டு மூச்சுக்குழாயோடு ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்காமல் உட்படையை மட்டும் சுட்டுவிடுவதும் உண்டு.

மூச்சுக்குழாய் வகைக் கட்டி, இளவயது, நல்ல உடம்பு என்றால் நான் மாமாவின் பக்கம். கிருமி பிடித்த பிறகு செய்வதைவிட முன்பே செய்வது இலகு. தொந்தரவே இல்லாதபோதும் எடுக்கவேண்டுமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லவேண்டும். முல்லைத்தீவுக் கடலில் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்குச் சுழியோடுகிறவருக்கு நுரையீரலுக்குள் காற்றுள்ள கட்டி இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. மேலே வரும்போது உள்ளே இருக்கிற காற்று விரியும், கட்டி வெடிக்கலாம். தீரும்வரை சுழியோடக்கூடாது.

எங்கே செய்வது? யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இருதய, நெஞ்சறைச் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது; ராகமைக்கு அருகே வெலிசறையில் சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை, ஆனால் கூட நிற்பவரின் சாப்பாடும் தங்குமிடமும் உங்கள் செலவு. கிளிநொச்சிக்காரருக்கு யாழ்ப்பாணம் கிட்ட, மொழிச் சிக்கலும் இல்லை. வெலிசறைக்குப் போனால் சிங்களம் தெரிந்த ஒருவர் கூட வரவேண்டும், சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கிற நாளிலாவது. தொந்தரவில்லாத கட்டியென்றால் பெரும்போக அறுவடை முடிந்தபிறகு திகதி கேட்கலாம். காய்ச்சல், விழுங்கக் கஷ்டம், சளியில் இரத்தம், புதிதாக நெஞ்சுநோ அல்லது மூச்சுத்திணறல் வந்தால் அறுவடையைப் பார்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.